ஈரோட்டிலிருந்து புனேவுக்கு: 494 கன அடி வீடு

"ரெண்டு பெட்ரூமா, மூணா சார்?"

ஈரோட்டிலிருந்து புனேவுக்கு வீடு மாற்ற வேண்டும் என்று ஒரு பேக்கிங் கம்பெனிக்காரரிடம் சொன்னதும் போனில் வந்த முதல் கேள்வி இது. ரெண்டு என்றேன். "முப்பத்தெட்டாயிரம் ஆகும் சார். இப்பவே ரெண்டாயிரம் டோக்கன் போட்டுட்டீங்கன்னா தேதியை எழுதிக்கிறேன்." வீட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. லாரியில் ஏறப்போவது பெட்ரூமா, பீரோவும் கட்டிலும்தானே. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பெருந்துறை சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. 2024 ஜூன் முதல் வாரத்தில் சாக்கன் யூனிட்டுக்கு மாற்றல் போட்டார்கள். சாக்கன் என்பது புனேவுக்கு வடக்கே இருக்கும் தொழிற்பேட்டை, கார் கம்பெனிகளும் அவற்றுக்குப் பாகம் செய்து தருகிறவர்களும் நிறைந்த இடம். ஜூலை 15ல் அங்கே சேர வேண்டும். வீடு மாற்றும் செலவுக்குக் கம்பெனி மொத்தமாக 50,000 கொடுத்தது. மிஞ்சினால் எனக்கு, பத்தாவிட்டால் என் தலையில்.

அம்மா நாட்காட்டியைப் புரட்டிவிட்டு, "ஆடி பொறக்கறதுக்குள்ள அங்க பால் காய்ச்சிரோணும் கண்ணு" என்றார். அந்த வருசம் ஆடி 1, ஜூலை 17ல் வந்தது. ஊரில் எல்லாருக்கும் அதே கணக்குதான் என்பதால் ஆனிக் கடைசியில் வண்டியும் ஆளும் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆடி பிறந்தால் சும்மாதான் உட்கார்ந்திருப்போம், அப்போது வந்தால் குறைத்துக்கொள்கிறோம் என்று பிறகு ஒரு பேக்கிங்காரரே சொன்னார். அதை அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

டேப்பும் நோட்டும்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். மனைவி நோட்டில் எழுதினாள். பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஆக 29 கன அடி. அது ரெண்டு இருக்கிறது. பிரிட்ஜ் 25. வாஷிங் மெஷின் 12. சோபா ஆறரைக்கு மூன்றுக்கு மூன்று, 58. பைக்கின் ஹேண்டிலையும் கண்ணாடியையும் சேர்த்துப் பெட்டியாக நினைத்தால் 57. கட்டிலைக் கழற்றிவிட்டால் ஒன்றுமில்லை, ரெண்டும் சேர்த்து 30. மெத்தைதான் மடிக்க முடியாத சனியன், ரெண்டுக்கும் 32. அட்டைப் பெட்டி ஒன்றரை அடிக் கனசதுரம் என்று வைத்தால் 3.4 கன அடி. நாற்பது பெட்டி ஆகும் என்று ஒரு குத்துமதிப்பு, 136.

டைனிங் டேபிள், கிரைண்டர் என்று மீதிச் சாமானையும் சேர்த்து எல்லாம் கூட்டினால் 494 வந்தது.

14 அடி லாரியின் உட்பக்கம் 6 அடி அகலம், 6 அடி உயரம் என்று வைத்தால் 504 கன அடி. 17 அடி வண்டி, உயரம் 7 அடி இருந்தால், 714. பாடி கட்டின இடத்தைப் பொறுத்து இந்த அளவுகள் கொஞ்சம் கூடும், குறையும். 504க்குள் 494 போய்விடுமே என்று தோன்றும். போகாது. பீரோவுக்கும் சோபாவுக்கும் நடுவே சந்து விழும். பிரிட்ஜ் தலையில் எதையும் ஏற்ற முடியாது. டைனிங் டேபிளின் கால் எப்போதும் யார் வயிற்றிலாவது குத்திக்கொண்டு நிற்கும். கம்பெனியில் பாகங்களை டிரேயில் அடுக்கி அனுப்புகிற பழக்கத்தில் சொல்கிறேன், ஒரே அளவுப் பொருளுக்கே நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பினால் பெரிசு. வீட்டுச் சாமானுக்கு எண்பது என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப் பார்த்தால் எனக்கு 14 அடி பத்தாது.

இந்த ஒரு பக்கக் காகிதம் கையில் வந்த பிறகுதான் பேக்கிங்காரர்களிடம் பேசவே தெரிந்தது. அதற்கு முன்னால் பேசியதெல்லாம் சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்காமல் விலை கேட்டது போல.

மூன்று விலை

முதல் ஆள் அந்த 38,000. பட்டியலை அனுப்பினேன். "பரவாயில்ல சார், பாத்துக்கலாம்" என்று பதில். இறக்குக்கூலி உண்டா என்று கேட்டால் அது தனி, மூன்றாவது மாடி என்றால் மாடிக்கூலி தனி, ஜிஎஸ்டி தனி. என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவருக்கு இப்படித்தான் ஓசூர் தாண்டியதும் போன் வந்திருக்கிறது. சாமான் கூடுதல், இன்னும் பதினெட்டாயிரம் போட்டால்தான் வண்டி நகரும் என்று. கட்டிலும் பாத்திரமும் அவர்கள் வண்டியில், இவர் வெறும் வீட்டில். என்ன செய்வார், போட்டார்.

ரெண்டாவது ஆள் நேரில் வந்தார், சட்டையில் கம்பெனிப் பெயர், கையில் படிவம். ஹாலையும் ரெண்டு அறையையும் பார்த்துவிட்டு, "பதினாலு அடி போதும்" என்றார். தலையைத் தூக்கி அட்டாலியைப் பார்க்கவே இல்லை. நம்மூர் வீட்டில் பாதிக் குடித்தனம் அட்டாலியில்தானே இருக்கிறது? அண்டா, குண்டா, போசி, கொலுப்படி, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர், குழந்தையின் தொட்டில், எல்லாம் அங்கே. ஏணி போட்டுக் காட்டினேன். இறங்கி வந்து 17 அடி என்று திருத்தினார். 62,000, அதற்குமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்குமேல் சாமான் மதிப்பில் 3 சதவீதம் இன்சூரன்ஸ். நாலு லட்சம் மதிப்பு என்றால் அது மட்டும் 12,000. மொத்தம் 85,000ஐத் தாண்டியது.

மூன்றாவது ஆள் வீடியோ காலில் பார்த்து 54,000 சொன்னார். ஆனால் பார்ட் லோடு. இன்னும் ரெண்டு வீட்டுச் சாமானோடு ஒரே வண்டி, பெங்களூரில் கிடங்கில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்கள், எட்டிலிருந்து பத்து நாள். ஒரு முறை ஏற்றி ஒரு முறை இறக்குவதிலேயே பீரோவுக்கு நெளிசல் விழுகிறது. இதில் ரெண்டு முறை என்றால்?

ரெண்டாவது ஆள் கேட்ட அந்த 3 சதவீதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். "பாலிசி என் பெயரில் வருமா? எந்த இன்சூரன்ஸ் கம்பெனி? சர்டிபிகேட்டை ஏற்றுவதற்கு முன்னால் தருவீர்களா?" என்று கேட்டேன். இது எஃப்ஓவி சார், உடைந்தால் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றார். சரக்கின் மதிப்பைச் சொல்லி, அதில் இத்தனை சதவீதம் என்று வண்டிக்காரரிடமே கட்டுவதுதான் எஃப்ஓவி. பொறுப்பு அவர் தலையில் இருக்கும் என்கிற வாய்வார்த்தைதான், அதில் இன்சூரன்ஸ் கம்பெனி எதுவும் கிடையாது. இதையே இன்சூரன்ஸ் என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். தெரிந்த ஏஜென்ட் மூலம் ஒரே பயணத்துக்கான பாலிசி தனியாக எடுத்தேன். மூன்று லட்சத்துக்கு 4,500. பழைய வீட்டுச் சாமான் என்பதால் அடிப்படைப் பாதுகாப்பு மட்டும் கிடைத்தது. தீப்பிடித்தால், வண்டி மோதினால், கவிழ்ந்தால் பணம் உண்டு. கீறல், நெளிசல், மழையில் நனைவது சேராது. மழை என்ற சொல்லை அன்று நான் சரியாகப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எது வரும், எது வராது

62,000ஐ 494ஆல் வகுத்தால் ஒரு கன அடிக்கு 125 ரூபாய். இந்த எண் கிடைத்ததும் வீட்டில் இருந்த ஓரியாட்டமெல்லாம் முடிவுக்கு வந்தது. சோபா புனே போய்ச்சேர 7,250 ரூபாய். அதை விற்றால் ஐந்தாயிரம் கிடைத்தால் அதிகம். சென்னிமலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. பைக்குக்கு 7,125. அதோடு முடியாது. டி.என். 33 வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு ஈரோடு ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று, சேசிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி, மகாராஷ்டிராவில் மறுபடியும் சாலை வரி, இங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு ஒரு விண்ணப்பம். எட்டு வருசப் பைக்குக்கு இந்த மரியாதை தேவையா? தம்பி எடுத்துக்கொண்டான்.

கிரைண்டர் ரெண்டே கன அடி, 250 ரூபாய். கேள்வியே இல்லை, வருகிறது. அப்பத்தாவின் ஆட்டுக்கல்லும் கணக்குப்படி 425 ரூபாய்தான். இந்தக் கணக்கில் எடைக்கு விலை கிடையாது, இடத்துக்குத்தான். மனைவி சிரித்துவிட்டு, "கணக்குச் சரிங்க. தூக்கறது யாரு?" என்றாள். ஆட்டுக்கல் நின்றது. அப்போதைக்கு.

இன்வெர்ட்டர் பேட்டரியைக் கடையில் கொடுத்துவிட்டேன். உள்ளே ஆசிட், சாய்ந்தால் வம்பு, பேக்கிங்காரர்களும் தொட யோசிப்பார்கள். கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, புது ஊரில் இணைப்பு வாங்கக் காட்டும் டெர்மினேஷன் வவுச்சரைப் பத்திரப்படுத்தினேன். இவ்வளவு செய்தும் புனே வீட்டில் குழாய் கேஸ். சிலிண்டர் அடுப்பை அப்படியே அதில் மாட்ட முடியாது, பர்னருக்குக் கீழே இருக்கும் ஜெட்டை மாற்ற வேண்டும். அங்கே போய் அரை நாள் ஹோட்டல் சாப்பாடு.

சோபாவும் பைக்கும் போனதில் 494, 379 ஆனது. இப்போது 14 அடி வண்டியே தாராளம்.

சங்ககிரி மாமா

லாரி விஷயத்தை மாமாவிடம் கேட்காமல் இருந்தது என் தப்பு. சங்ககிரியில் முப்பது வருசமாகப் புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒரு வீட்டில் லாரி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் சொந்தக்காரரை வைத்துக்கொண்டு நான் இன்டர்நெட்டில் வண்டி தேடிக்கொண்டிருந்தேன்.

"ஏம் மாப்ள, உனக்கு வேண்டியது லாரியா, பேக்கிங்கா? ரெண்டும் ரெண்டு சோலி" என்றார். "அவனுங்களும் இங்க வந்துதான் வண்டி புடிக்கறானுங்க. நடுவுல இருக்கற காச நீ எதுக்குக் குடுக்கற?"

பிறகு அவர் சொன்னதுதான் இந்த முழு வேலையிலும் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். நம்மூர் வண்டி புனே போனால், அங்கிருந்து திரும்ப லோடு கிடைக்குமா என்ற பயத்தையும் சேர்த்துத்தான் வாடகை சொல்லும். எம்.எச். என்று தொடங்கும் மகாராஷ்டிரா நம்பர் வண்டி இங்கே சரக்கை இறக்கிவிட்டு ஊருக்குத் திரும்புகிற வண்டி. அதற்கு எந்த லோடும் லாபம்தான். "நம்பர் பிளேட்டப் பாத்து வெல பேசு" என்றார் மாமா. தேதியில் ஒரு நாள் முன்பின் விட்டுக்கொடுக்க வேண்டும், எந்த அளவு வண்டி வரும் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான் நிபந்தனை.

ஜூலை 3 பொழுதோட போன் வந்தது. ஈரோட்டில் வெங்காயம் இறக்கிய 19 அடி வண்டி, ஓட்டுநர் புனே பக்கத்துக்காரர், நாளைக் காலை உன் வீட்டு வாசலில். வாடகை 34,000, டோல் உட்பட. இருபதாயிரம் ஏற்றும்போது, மீதி இறக்கிய பிறகு.

மாமா ஆபீஸிலேயே எல்.ஆர். போட்டார். சரக்கை யார் அனுப்புகிறார், யாருக்கு, எந்த வண்டி, எத்தனை உருப்படி, என்ன மதிப்பு என்று எழுதும் சீட்டு அது. வடக்கே பில்டி என்பார்கள். இது இல்லாமல் ஏற்றினால் என் சாமான் அந்த வண்டியில் ஏறியது என்பதற்கே சாட்சி இல்லை. மதிப்பை எழுத ஓட்டுநர் முகம் சுளித்தார், ஆனாலும் எழுத வைத்தேன். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கு 2007ல் வந்த சட்டத்தின்படி, அதிக மதிப்பைச் சொல்லிப் பதியாவிட்டால் வண்டிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்கோடு நின்றுவிடும். வழக்கென்று போவதானால் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். சரக்கு அனுப்பும்போது ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் இ-வே பில் பற்றியும் கேட்டேன். பழைய வீட்டுச் சாமானுக்கு அது தேவையில்லை. இருந்தாலும் வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட, உருப்படிப் பட்டியலையும் என் மாற்றல் உத்தரவின் நகலையும் ஓட்டுநர் கையில் கொடுத்தோம்.

கட்டிய நாள்

பேக்கிங்குக்கும் ஏற்றுவதற்கும் மட்டும் ஈரோட்டிலேயே ஐந்து பேர் கொண்ட குழுவைப் பிடித்தேன். அட்டைப் பெட்டி, பபிள் ஷீட், டேப் எல்லாம் அவர்களுடையது, 11,500. கண்ணாடிச் சாமானை அவர்கள் கட்டுகிற வேகத்தையும் நேர்த்தியையும் பார்த்தால் நாம் ஏன் தொட வேண்டும் என்று இருந்தது. ஆனால் மூன்று பொருளை நானே கட்டினேன்.

ஒன்று, வாஷிங் மெஷின். எங்களுடையது முன்பக்கக் கதவு வைத்தது. இதன் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது, லாரிக் குலுக்கலில் பக்கவாட்டில் இடித்துக்கொண்டே வந்தால் ஸ்பிரிங்கும் டேம்பரும் போய்விடும். அதனால்தான் கடையிலிருந்து வரும்போது பின்பக்கம் நாலு நீள போல்ட் போட்டு டிரம்மை இறுக்கி அனுப்புகிறார்கள். மாட்டும் அன்று கழற்றி ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள், எல்லாரும் அதைத் தொலைத்துவிடுவோம். அட்டாலியில் கொலுப்பொம்மைப் பெட்டிக்குள் ஆறு வருசமாக அந்தக் கவர் இருந்தது. பின்பக்கப் பிளாஸ்டிக் மூடிகளைப் பிடுங்கிவிட்டு, நாலு போல்ட்டையும் ஸ்பேனரால் இறுக்கினேன். கையால் டிரம்மை ஆட்டிப் பார்த்தால் அசையவில்லை. எனக்கு அன்று இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அங்கே போய் இதைக் கழற்ற மறந்து மெஷினை ஓட்டினால் வீடே ஆடும் என்பதால், கதவிலேயே சிவப்பு டேப்பால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

ரெண்டு, கிரைண்டர். ரெண்டு லிட்டர் டில்டிங். கோயம்புத்தூர் கிரைண்டர், கல் ஊத்துக்குளிப் பக்கத்துக் கல். குழவிகளை உள்ளேயே விட்டுக் கட்டினால் ஒவ்வொரு குழியிலும் அடிக்கல்லில் மோதும், நடுத்தண்டு வளையும். கைப்பிடியைத் தளர்த்திக் குழவிகளைத் தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் பழைய துண்டில் சுற்றினேன். டிரம்மைத் தூக்கித் தனிப்பெட்டியில் வைத்து, நாலு பக்கமும் சென்னிமலைப் போர்வையைத் திணித்தேன். மோட்டார் இருக்கிற அடிப்பாகம் இன்னொரு பெட்டி. ரெண்டு கன அடி என்று எழுதியது இப்போது ஐந்து ஆகிவிட்டது.

மூன்று, கட்டில். கழற்றியதும் போல்ட், நட், வாஷர் எல்லாவற்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டு, அந்தக் கட்டிலின் தலைமாட்டிலேயே டேப் போட்டு ஒட்டினேன். தனிப்பெட்டியில் போட்டால் முதல் ராத்திரி தரையில்தான் படுக்க வேண்டும்.

பிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, கதவைத் திறந்துவைத்து, தண்ணீர் வடிய விட்டோம். நிற்க வைத்தே கொண்டுபோக வேண்டும், சேர்ந்ததும் சில மணி நேரம் அப்படியே விட்டுப் பிறகுதான் பிளக்கில் போட வேண்டும். பீரோக் கண்ணாடிக்கு மேல் தெர்மாகோலும், அதற்குமேல் பவானி ஜமக்காளமும். அவ்வளவு கனமான ஜமக்காளத்துக்கு முன்னால் பபிள் ஷீட்டெல்லாம் ஒன்றுமில்லை. நகை, பத்திரம், எல்.ஆர். நகல், குழந்தையின் மருந்து எங்கள் கைப்பையில்.

பெட்டிகளின் மேல் "சமையலறை", "துணி" என்று மனைவி அழகாகத் தமிழில் எழுதிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாவது பெட்டியில்தான் உறைத்தது, புனேயில் இறக்குகிறவர் இதை எப்படிப் படிப்பார்? கலர் டேப்புக்கு மாறினோம். சிவப்பு சமையலறை, பச்சை படுக்கையறை, நீலம் ஹால். எல்லாவற்றுக்கும் எண். 42 பெட்டி, 23 தனி உருப்படி, மொத்தம் 65. நோட்டில் எழுதி ஓட்டுநரும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

வண்டியின் தளம் முழுக்க வெங்காயச் சருகு. சீமாறு போட்டுக் கூட்டி, மேலே பாலிதீன் விரித்துதான் ஏற்றினோம். ஏற்றி முடித்துப் பார்த்தால் 19 அடியில் கிட்டத்தட்ட பாதி காலி. கன அடிக்கு 125 என்று கணக்குப் போட்டுச் சோபாவை அக்காவுக்குத் தாட்டிவிட்டவன் வண்டிக்குள் நின்றுகொண்டு அந்தக் காலி இடத்தைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார்.

"இத்தன எடம் சும்மா கெடக்குது! காசு குடுத்த வண்டிதான?"

அதற்கப்புறம் நடந்தது என் கையில் இல்லை. ஆட்டுக்கல் நாலு பேர் தோளில் வந்தது. ஐம்பது தேங்காய், இட்லி அரிசி ஒரு மூட்டை, ரோஜாத் தொட்டி ரெண்டு, தோட்டத்து மஞ்சளை அரைத்த தூள் ஐந்து கிலோ. மஞ்சள்தூளைப் பாலிதீன் கவரில் கட்டி, ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, கடைசி நேரத்தில் மெத்தைகளின் மேல் வைத்தார்கள். அதற்கு எண் போடவில்லை, நோட்டிலும் ஏறவில்லை. படுதாவை இழுத்துக் கட்டி ராத்திரி எட்டு மணிக்கு வண்டி பவானி ரோட்டில் திரும்பியது.

வழியில்

ஈரோட்டிலிருந்து புனே சுமார் 1,100 கிலோமீட்டர். சேலம், தொப்பூர், கிருஷ்ணகிரி, பெங்களூர், அங்கிருந்து தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சத்தாரா. நாங்கள் வெள்ளிக்கிழமை கன்னியாகுமரி–புனே ரயிலில் ஏறினோம்.

ஆனி மாதம் ஈரோட்டில் காற்றுதான், மழை இல்லை. கட்டும்போது எங்கள் யார் மனதிலும் மழை வரவில்லை. அதே ஜூலையில் பெல்காம் தாண்டினால் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். மாமா மட்டும், "படுதா ரெட்டையாப் போடச் சொல்லு" என்று போனில் சொல்லியிருந்தார். ஓட்டுநரிடம் ஒரு படுதாதான் இருந்தது, அதில் கேபினை ஒட்டிய மூலையில் கை நுழைகிற கிழிசல். பாலிதீனைக் கீழே விரித்த புத்திசாலி, மேலே விரிக்கவில்லை.

ஞாயிறு, ஜூலை 7, காலை ஏழு மணிக்கு வண்டி வந்து அபார்ட்மென்ட் வாசலில் நின்றது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற இறக்க சொசைட்டியில் அனுமதி இல்லையாம். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, சொசைட்டிக்கு நகல் கொடுத்து, லிப்டுக்குப் பணம் கட்டி எல்லாம் செய்திருந்தேன், இந்த ஒன்றைக் கேட்கவில்லை. ஒரு நாள் வண்டி நின்றதற்கு ஹால்டிங் 1,500. ஓட்டுநர் சலித்துக்கொள்ளவில்லை. மழையில் டீ குடித்துவிட்டு கேபினில் தூங்கினார்.

வளர்பிறை, ஞாயிறு, நல்ல நேரம் என்று அம்மா குறித்துக் கொடுத்திருந்ததால் அன்று காலையே பால் காய்ச்சினோம். கையில் கொண்டுவந்த குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர். அடுப்பு இல்லை. பக்கத்து வீட்டு மராத்தி அம்மா ஒரு இண்டக்‌ஷன் அடுப்பைக் கொடுத்தார். பால் பொங்கும்போது மூன்றாவது மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால், கீழே தெருவில் எங்கள் முழு வீடும் படுதா போர்த்தி நனைந்துகொண்டு நின்றது.

திங்கட்கிழமை நாலு பேர் வந்து இறக்கினார்கள், 6,000. அங்கே சுமை தூக்குகிறவர்களை மாத்தாடி என்கிறார்கள். 1969லிருந்து அவர்களுக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. அவர்களிடம் நேரில் பேரம் பேசாமல் வாட்ச்மேன் மூலம் பேசியது நல்லதாகப் போனது. வாசலில் நின்று நோட்டை வைத்து எண்களை அடித்துக்கொண்டே வந்தேன். 65ம் வந்தது. ஒரு பீரோவில் லேசாக நெளிசல், ரெண்டு தேங்காய் விரிசல். கிரைண்டரை அன்று ராத்திரியே மாட்டி ஓட்டிப் பார்த்தோம், கல் சத்தம் பழைய சத்தம்தான். ஆட்டுக்கல்லை லிப்டில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். ஐநூறு ரூபாய் கூடுதல் வாங்கிக்கொண்டு படியில் உருட்டாமல் தூக்கியே வந்தார்கள். 425 ரூபாய்க் கல்.

செலவுக் கணக்கு: வாடகை 34,000, கட்டி ஏற்ற 11,500, இறக்க 6,000, ஆட்டுக்கல்லுக்கு 500, பாலிசி 4,500, ஹால்டிங் 1,500. மொத்தம் 58,000. கம்பெனி கொடுத்தது போக எட்டாயிரம் என் கையிலிருந்து.

இனி, எண் போடாத அந்தப் பெட்டி. படுதாக் கிழிசலுக்கு நேர் கீழே மெத்தைகள், அவற்றின் மேல் மஞ்சள்தூள். அட்டை ஊறிப்போய் கவர் நழுவி, தண்ணீரோடு கலந்து, பெரிய மெத்தையின் ஒரு மூலையில் இறங்கியிருந்தது. உறையைப் பிரித்ததும் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினாள். பாலிசியில் மழை சேராது. நான் அவசரப்பட்டு சோப்புத் தண்ணீரை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவந்துவிடும் என்பது ஈரோட்டில் பிறந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூலை முழுக்கக் குங்குமச் சிவப்பு.

"வெயில்ல போடு கண்ணு, வெளுத்துரும்" என்றார் அம்மா. வெயிலுக்கு எங்கே போவது? செப்டம்பர் கடைசி வரை மழை விடவில்லை. அக்டோபரில் பால்கனியில் ஆட்டுக்கல்லின் மேல் சாய்த்து மூன்று நாள் காயப்போட்டதில் சிவப்பு போய் மறுபடி மஞ்சளுக்கு வந்திருக்கிறது. அந்த மூலையைச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறோம்.